மூன்று திணறல்கள், ஒரு சின்னப் பெட்டி: ஓபிஎஸ் ஸ்டூடியோவுடன் நான்கு ஆண்டுகள்

"அக்கா, மழை தொடங்கியதும் உன் கார் தாவித் தாவிப் போகிறது. நீ பேசுவது மட்டும் தெளிவாகக் கேட்கிறது." என் நேரலையைப் பார்த்துவிட்டுத் தம்பி அனுப்பிய இந்த இரண்டு வரிகளில் நோய்க்குறி முழுவதும் இருந்தது. அன்று எனக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை. இணைய இணைப்பின் மீது பழி போட்டேன். ரூட்டரை நான்கு முறை அணைத்து மீண்டும் போட்டேன். வினாடிக்கு அனுப்பும் தகவலின் அளவான பிட்ரேட்டைப் பாதியாகக் குறைத்தேன். படம் மங்கலானது, தாவல் அப்படியே இருந்தது.

கார்ப் பந்தய விளையாட்டுகளை வாரத்தில் மூன்று இரவுகள் நேரலையாக ஒளிபரப்புகிறேன், கூடவே பதிவும் செய்கிறேன். நான்கு ஆண்டுகளாக இதற்கு நான் பயன்படுத்துவது ஓபிஎஸ் ஸ்டூடியோ. ஜிம் பெய்லி 2012இல் தொடங்கிய இந்த மென்பொருள், இன்று உலகம் முழுவதும் பலர் சேர்ந்து வளர்க்கும் கட்டற்ற மென்பொருளாக இருக்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடுகிறது. விலை கிடையாது, காணொளியின் மூலையில் முத்திரை குத்துவதும் கிடையாது. அதன் வசதிகளைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். எனக்கு இந்த மென்பொருள் மீது மதிப்பு வந்ததற்குக் காரணம் வேறு. திணறல் வந்தால் அது எங்கே வந்தது என்று இது ஒளிக்காமல் சொல்கிறது. அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

'வியூ' பட்டியலுக்குள் 'ஸ்டேட்ஸ்' என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. நான் அதை முதன்முதலில் திறந்தது மென்பொருளை நிறுவி எட்டு மாதங்கள் கழித்து. அதில் மூன்று வரிகள்தான் முக்கியம். ரெண்டரிங் (படத்தைத் தீட்டும் வேலை) தாமதத்தால் தவறிய ஃபிரேம்கள், அதாவது காணொளியின் தனிப் படங்கள்; என்கோடிங் (படத்தைச் சுருக்கும் வேலை) தாமதத்தால் விடுபட்ட ஃபிரேம்கள்; நெட்வொர்க்கில் கைவிடப்பட்ட ஃபிரேம்கள். நாம் பொதுவாக 'லேக்' என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுவது உண்மையில் மூன்று தனித்தனி நோய்கள். ஒன்றுக்கான மருந்து மற்றொன்றைத் தீர்க்காது. சில வேளைகளில் அதை முற்றவும் வைக்கும். நான் பிட்ரேட்டைக் குறைத்தது மூன்றாவது நோய்க்கான மருந்து. எனக்கு இருந்ததோ முதலாவது.

இன்னொரு எளிய சோதனையும் உண்டு. நேரலையின்போதே பதிவையும் ஓட விடுங்கள். முடிந்ததும் பதிவான கோப்பைப் பாருங்கள். அதிலும் அதே இடத்தில் காட்சி தாவினால், இணையத்தின் மீது குற்றமில்லை. கோப்பு இணையம் வழியாகப் போகவே இல்லையே. இந்தச் சோதனையை முதல் நாளே செய்திருந்தால் ரூட்டருக்கு அவ்வளவு தொல்லை கொடுத்திருக்க மாட்டேன்.

இப்போது மழைக்கு வருகிறேன். வினாடிக்கு 60 ஃபிரேம் என்று வைத்தால், ஒரு ஃபிரேமுக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லிவினாடி. அதற்குள் ஓபிஎஸ் விளையாட்டின் காட்சி, கேமரா முகம், எழுத்துப் பட்டை எல்லாவற்றையும் அடுக்கி ஒரே படமாக்க வேண்டும். இந்த வேலை நடப்பதும் கிராபிக்ஸ் கார்டில்தான். விளையாட்டு கிராபிக்ஸ் கார்டின் முழு வலிமையையும் இழுத்துக்கொண்டால் ஓபிஎஸ்ஸுக்கு மிச்சம் இருப்பதில்லை. விளையாடுபவர் திரையில் எல்லாம் வழுவழுப்பாக ஓடும். பார்ப்பவர் திரையில் மட்டும் கார் தாவும். அதனால்தான் தம்பி சொன்னபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. என் கண்முன் எந்தக் குறையும் இல்லை.

பெட்டியைப் பக்கத்துத் திரையில் திறந்து வைத்துக்கொண்டு ஒரு பந்தயம் ஓட்டினேன். வெயிலில் நான்கு சுற்று. தவறிய ஃபிரேம்கள் பூஜ்யம். ஐந்தாவது சுற்றில் மேகம் கவிந்தது, முதல் துளிகள் கண்ணாடியில் விழுந்தன. எண் 3 ஆனது, 11 ஆனது. நீண்ட நேர்பாதையில் எனக்கு முன்னால் போன எட்டு கார்களும் நீரை வாரி இறைத்தபோது எண்கள் படிக்க முடியாத வேகத்தில் ஏறின. அந்த வரி மஞ்சளாகி, பிறகு சிவப்பானது. ஒரு ஃபிரேமைத் தீட்ட ஆகும் சராசரி நேரமும் அதே பெட்டியில் தெரிகிறது; வெயிலில் 3 மில்லிவினாடிக்குக் கீழே இருந்தது, மழையில் 16ஐத் தொட்டது. கிராபிக்ஸ் கார்டின் சுமை 99 சதவீதம். சந்தேகத்துக்கு இடமே இல்லை.

நான் செய்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன். முதலில் விளையாட்டின் ஃபிரேம் வேகத்துக்கு வரம்பு போட்டேன். வரம்பில்லாமல் 140 வரை போய்க்கொண்டிருந்ததை 120இல் நிறுத்தினேன். 120 என்பது 60இன் இரு மடங்கு என்பதால், ஓபிஎஸ் ஒன்றுவிட்டு ஒரு ஃபிரேமைச் சீராக எடுத்துக்கொள்ள முடியும். 90 என்று வைத்தால் இடைவெளி ஒரே சீராக அமையாமல் அசைவு சற்று நொண்டும். வெயிலுக்கு இது போதுமாக இருந்தது, மழைக்குப் போதவில்லை. ஏனென்றால் மழையில் விளையாட்டே 95க்கு இறங்கிவிடுகிறது. 120 என்ற வரம்பு அங்கே வேலைக்கே வருவதில்லை. எனவே நிழலின் தரத்தையும், பக்கக் கண்ணாடியில் தெரியும் பிம்பத்தின் தரத்தையும் ஒரு படி குறைத்தேன். பக்கக் கண்ணாடி என்பது அதே உலகத்தை இன்னொரு கோணத்தில் மறுபடியும் வரைவது. அதன் செலவு நாம் நினைப்பதைவிட அதிகம். இத்தனைக்கும் பார்ப்பவர்கள் யாரும் இதுவரை அந்தக் கண்ணாடியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

கடைசியாக, விண்டோஸில் ஓபிஎஸ்ஸை அட்மினிஸ்ட்ரேட்டராக இயக்கத் தொடங்கினேன். அப்படி இயக்கினால் கிராபிக்ஸ் கார்டில் தன் வேலைக்கு முன்னுரிமை கேட்கும் உரிமை அதற்குக் கிடைக்கிறது. ஐகானில் வலது சொடுக்கு, ஒரு தேர்வு, அவ்வளவுதான். மழையில் தவறும் ஃபிரேம்கள் ஒற்றை இலக்கத்துக்கு வந்தன. திணறலோடு இருப்பவர்கள் முதலில் செய்து பார்க்க வேண்டியது இதுதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

காட்சியை எடுக்கும் முறையிலும் கவனம் வேண்டும். முழுத் திரையையும் பிடிக்கும் முறையை விட்டு, விளையாட்டை மட்டும் நேரடியாகப் பிடிக்கும் 'கேம் கேப்சர்' முறைக்கு மாறினால் சுமை குறைகிறது. அறிவிப்புப் பட்டைகள், அரட்டைப் பெட்டி போன்றவற்றுக்காகச் சேர்க்கும் ஒவ்வொரு 'பிரவுசர் சோர்ஸ்'உம் உள்ளே ஓடும் ஒரு குட்டி உலாவி என்பதை மறக்கக் கூடாது. என்னிடம் அப்படி ஆறு இருந்தன. இரண்டாக்கினேன்.

இரண்டாவது நோயான என்கோடிங் தாமதத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. தீட்டி முடித்த படத்தைச் சுருக்கிக் காணொளியாக்கும் வேலை என்கோடருடையது. எக்ஸ்264 என்பது அதைப் பிராசஸரைக் கொண்டு செய்கிறது. தொடக்கத்தில் 'வெரிஃபாஸ்ட்' என்ற நிலையில் இருக்கும். தரம் கூடும் என்ற ஆசையில் அதை 'மீடியம்' நிலைக்கு மாற்றினேன். விளையாட்டும் அதே பிராசஸரைக் கேட்டதால் பதிவு துண்டு துண்டாக வந்தது. என்விடியா கார்டுகளில் 2012 முதல் என்வென்க் என்ற தனி மின்சுற்று இந்த வேலைக்கென்றே இருக்கிறது. இன்டெல்லின் குவிக் சிங்க்கும், ஏஎம்டி கார்டுகளில் உள்ள என்கோடரும் இதே வேலைக்கானவை. விளையாட்டை வரையும் பகுதிக்கும் இந்தச் சுற்றுக்கும் பெரும்பாலும் மோதல் இல்லை. கிராபிக்ஸ் கார்டு ஓரளவு புதியது என்றால் யோசிக்காமல் இதற்கு மாறிவிடலாம். நான் மாறிய நாளிலிருந்து இந்த இரண்டாவது வரி பூஜ்யத்திலேயே நிற்கிறது.

ஒரு எச்சரிக்கை. ஓபிஎஸ் காட்டும் சிபியு (பிராசஸர்) சதவீதம் அது தனக்காக மட்டும் பயன்படுத்துவது. அதில் 4 சதவீதம் என்று பார்த்துவிட்டுக் கணினி சும்மா இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது. முழுச் சுமையைத் தெரிந்துகொள்ள டாஸ்க் மேனேஜரைத்தான் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, நெட்வொர்க். இது வந்தால் காட்சி நுணுக்கமாகத் தாவாது; உறைந்து நின்று, ஓரிரு வினாடி கழித்து மீண்டும் எழும். நாம் அனுப்பும் வேகத்துக்கு வழி இடம் தராதபோது, ஃபிரேம்கள் வரிசையில் தேங்குகின்றன. தேக்கம் வளர்ந்துகொண்டே போனால் நேரலை நிகழ்காலத்தை விட்டுப் பின்தங்கிவிடும் என்பதால், ஓபிஎஸ் சில ஃபிரேம்களைக் கைவிட்டு முன்னேறுகிறது. இங்கே மென்பொருள் செய்வது சரியான வேலை. அடைப்பு வெளியே இருக்கிறது.

என் அனுபவத்தில் இதற்குப் பெரிய மருந்து ஒரு கேபிள். வைஃபையில் இருந்தபோது வேகச் சோதனை எப்போதும் நல்ல எண்ணையே காட்டியது. வேகச் சோதனை சில வினாடிகளின் கதை. நேரலையோ மூன்று மணி நேரம் ஒரு கணமும் இடைவிடாமல் போக வேண்டியது. பக்கத்து அறையில் யாரோ கைபேசியில் படங்களைச் சேமிப்பகத்துக்கு ஏற்றினால் போதும், என் கார் வளைவில் உறைந்து நிற்கும். ரூட்டரிலிருந்து சுவரோரமாகக் கேபிள் இழுத்த பிறகு அந்தத் தொல்லை அடங்கியது. ஓபிஎஸ்ஸின் மேம்பட்ட அமைப்புகளில், நெரிசலுக்கு ஏற்பப் பிட்ரேட்டைத் தானாகக் குறைத்துக்கொள்ளும் தேர்வு ஒன்றும் இருக்கிறது. அதை இயக்கி வைத்திருக்கிறேன். படம் சிறிது நேரம் மங்குவதை என் பார்வையாளர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள், உறைவதைப் பொறுப்பதில்லை.

பதிவேற்ற வேகம் முழுவதையும் நேரலைக்கே கொடுத்துவிடுவதும் தவறு. அப்படிச் செய்தால், விளையாட்டு தன் சேவையகத்துக்கு அனுப்பும் சின்னஞ்சிறு தகவல்கள்கூட வரிசையில் பின்னால் நிற்க நேரிடும். அப்போது திணறுவது நேரலை மட்டுமல்ல, விளையாட்டே திணறும். நாம் ஓட்டும் கார் பிறர் திரையில் அங்குமிங்கும் துள்ளும். எனக்குப் பதிவேற்றத்தில் நிலையாகக் கிடைப்பது வினாடிக்கு 8 மெகாபிட் அளவு. அதில் 4,500 கிலோபிட்டுக்கு மேல் நேரலைக்குக் கொடுப்பதில்லை.

4,500இல் படம் நன்றாக இருக்குமா என்று பலர் கேட்கிறார்கள். 1080பி அளவைப் (1920 × 1080 புள்ளிகள் கொண்ட படம்) பிடித்துத் தொங்கினால் நன்றாக இருக்காது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1080பியில் வினாடிக்கு 60 ஃபிரேம் என்றால் 12 கோடிக்கும் அதிகமான புள்ளிகளை விவரிக்க வேண்டும், அதைவிடச் சிறிய 720பியில் (1280 × 720) ஐந்தரைக் கோடிதான். நேரலைத் தளமான ட்விட்ச் பரிந்துரைக்கும் 6,000 கிலோபிட்டை 1080பிக்குப் பங்கிடுவதைவிட, 4,500ஐ 720பிக்குப் பங்கிட்டால் ஒவ்வொரு புள்ளிக்கும் ஏறக்குறைய ஒன்றேமுக்கால் பங்கு தகவல் கிடைக்கிறது. சாலையோரப் புல்லும் சரளையும் வினாடிக்குப் பல மீட்டர் வேகத்தில் ஓடும் பந்தயக் காட்சிக்கு இது பெரிய வேறுபாடு. அளவைக் குறைத்த அன்று, படம் தெளிவாகிவிட்டது என்று இரண்டு பேர் எழுதினார்கள்.

இந்த மூன்றிலும் சேராத ஒன்று, நான் பேசுவதற்கும் பார்வையாளர் கேட்பதற்கும் இடையே உள்ள கால இடைவெளி. இதை ஓபிஎஸ்ஸால் பெரிதாக மாற்ற முடியாது. தளம் காணொளியைத் துண்டுகளாக்கி, பல தரங்களில் மாற்றி, பார்ப்பவரின் கருவியில் சிறிது சேமித்த பிறகே காட்டுகிறது. யூடியூபில் இயல்பான தாமதம், குறைந்த தாமதம், மிகக் குறைந்த தாமதம் என மூன்று தேர்வுகள் இருக்கின்றன. தாமதத்தைக் குறைக்கக் குறைக்கப் பார்ப்பவரிடம் இருக்கும் இருப்பும் குறைகிறது. அவருடைய இணைப்பு சற்றுத் தடுமாறினாலும் படம் நின்றுவிடும். அரட்டையில் பதில் சொல்லிக்கொண்டே ஓட்டும் நாட்களில் மட்டும் மிகக் குறைந்ததைத் தேர்ந்தெடுக்கிறேன். ஓபிஎஸ்ஸில் 'ஸ்ட்ரீம் டிலே' என்று ஒரு தேர்வும் உண்டு; போட்டியாளர் நம் நேரலையைப் பார்த்து ஆடிவிடாமல் இருக்க வேண்டுமென்றே சேர்க்கும் தாமதம் அது. காரணம் தெரியாமல் தாமதம் நீண்டிருந்தால் அது தவறுதலாக இயக்கப்பட்டிருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

வெளிக் கருவியின் காட்சியைக் கணினிக்குள் கொண்டுவரும் கேப்சர் கார்டு என் பொறுமையை அதிகம் சோதித்தது. கன்சோலில் விளையாடும் நாட்களுக்காக, யூஎஸ்பியில் இணைக்கும் வகையில் ஒன்று வாங்கினேன். 1080பி, 60 ஃபிரேம் என்று பெட்டியில் அச்சிட்டிருந்தது. இணைத்தேன், படம் அரை வினாடி பின்தங்கி, கட்டம் கட்டமாக வந்தது. கார்டில் குறை இல்லை. நான் செருகியது கணினியின் முன்புறத்தில் இருந்த பழைய யூஎஸ்பி 2.0 துளை. சுருக்காத 1080பி காட்சி, வினாடிக்கு 60 ஃபிரேமில், சுமார் 1,500 முதல் 2,000 மெகாபிட் வரை கேட்கும். யூஎஸ்பி 2.0இன் உச்ச வேகமே 480 மெகாபிட்தான். அந்தச் சந்தில் நுழைய வேண்டுமானால் கார்டு படத்தைச் சுருக்கியாக வேண்டும். சுருக்கியதைக் கணினி மறுபடி விரித்தாக வேண்டும். பின்புறத்தில் இருந்த 3.0 துளைக்கு மாற்றி, அந்தக் கருவியின் அமைப்பில், படத்தைச் சற்றுத் தேக்கி வைத்துக் காட்டும் 'பஃபரிங்' என்பதை நிறுத்தினேன். படம் திருந்தியது.

அப்போதும் ஓபிஎஸ்ஸின் முன்னோட்டத்தைப் பார்த்துக்கொண்டு வண்டி ஓட்ட முடியாது. எவ்வளவு திருத்தினாலும் சிறு தாமதம் மிஞ்சும். பிரேக்கை மிதிக்க வேண்டிய கணம் கடந்துபோயிருக்கும். கார்டிலிருந்து நேராகத் திரைக்குப் போகும் வழியை இணைத்து, கண்ணை அதில் வைத்திருப்பதுதான் ஒரே வழி.

ஒலிக்கு வருகிறேன். என் உதடும் குரலும் ஒட்டவில்லை என்று தம்பிதான் இதையும் கண்டுபிடித்தான். ஒரு மாலை கேமராவுக்கு முன் உட்கார்ந்து, கைகளை முகத்துக்கு நேரே உயர்த்தி, பத்து முறை பலமாகத் தட்டிப் பதிவு செய்தேன். அந்தக் கோப்பை எடிட்டரில் திறந்து ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பார்த்தேன். ஒலி அலையில் கூர்மையான முனை எழும் இடத்தில் என் உள்ளங்கைகளுக்கு நடுவே இன்னும் ஒரு சாண் இடைவெளி இருந்தது. அங்கிருந்து ஏழு ஃபிரேம் தள்ளித்தான் கைகள் சேர்ந்தன. ஏழு ஃபிரேம் என்றால் 117 மில்லிவினாடி. கேமராவின் படம் அவ்வளவு தாமதமாக வருகிறது, குரலோ முந்திக்கொள்கிறது. மேம்பட்ட ஒலி அமைப்புகளில் மைக்குக்கு 117 மில்லிவினாடி தள்ளல் கொடுத்தேன். உதடும் குரலும் ஒன்றாகின.

ஆனால் புதிய தொல்லை ஒன்று முளைத்தது. விளையாட்டின் காட்சி தாமதமில்லாமல் வருகிறது. என் குரல் இப்போது அதற்குப் பின்தங்கிவிட்டது. சுவரில் மோதிய பிறகு சற்றுக் கழித்து நான் அலறுவது போலத் தெரிந்தது. இதற்கு விடை, வருவதில் மிகத் தாமதமானதற்காக மற்ற எல்லாவற்றையும் காத்திருக்க வைப்பது. விளையாட்டுக் காட்சிக்கு 'ரெண்டர் டிலே' என்ற வடிகட்டியைச் சேர்த்து 117 மில்லிவினாடி கொடுத்தேன். விளையாட்டின் ஒலிக்கும் அதே தள்ளலைக் கொடுத்தேன். கேமரா, குரல், காட்சி, ஒலி நான்கும் ஒரே கோட்டில் வந்தன. தொடக்கத்தில் ஒட்டியிருந்து, நேரம் ஆக ஆக ஒலி விலகிக்கொண்டே போனால் அது வேறு பிரச்சினை. அங்கே முதலில் பார்க்க வேண்டியது மாதிரி வீதம், அதாவது ஒலியை வினாடிக்கு எத்தனை முறை அளந்து பதிகிறது என்பது: மைக், விண்டோஸ், ஓபிஎஸ் எல்லாவற்றிலும் 48 கிலோஹெர்ட்ஸ் என்று ஒன்றாக இருக்கிறதா என்று.

பதிவுக்கு மட்டும் ஒரு சொல். நேரலைக்கு உரிய பிட்ரேட்டையே பதிவுக்கும் வைத்துவிடாதீர்கள். தரத்தை நிலையாக வைக்கும் சிக்யூபி முறையில் 20ஐ ஒட்டிய எண் எனக்கு நிறைவாக இருக்கிறது. கோப்பு எம்கேவி வடிவத்தில் இருக்கட்டும். நடுவில் மின்சாரம் போனாலும் அதுவரை பதிவானது தப்பிக்கும்; வழக்கமான எம்பி4 அப்படித் தப்பிப்பதில்லை. பிறகு ஓபிஎஸ்ஸிலேயே சில வினாடிகளில் எம்பி4 ஆக மாற்றிக்கொள்ளலாம்.

குறை என்று பார்த்தால், இவ்வளவு அருமையான அந்தப் பெட்டி ஒரு பட்டியலுக்குள் மறைந்திருப்பதைத்தான் சொல்வேன். புதிதாக வருபவர் கண்ணில் முதல் நாளே படும்படி அது திறந்திருக்க வேண்டும். சொற்களும் புதியவரை மிரட்டுகின்றன. ஆனால் ஓபிஎஸ் தன் செயல்பாட்டைக் குறித்து வைக்கும் பதிவேட்டை (லாக்) உதவிப் பட்டியலில் இருந்து அனுப்பினால், அதைத் தானாக ஆராய்ந்து எந்த அமைப்பு தவறாக இருக்கிறது என்று சொல்லும் கருவியையும் ஓபிஎஸ் குழுவே இலவசமாகத் தருகிறது. யாரிடமாவது உதவி கேட்பதற்கு முன்னால் அதைச் செய்துவிடுங்கள். என்னிடம் கேட்பவர்களிடமும் முதலில் அந்த முடிவைத்தான் கேட்கிறேன்.

சென்ற சனிக்கிழமை இரண்டு மணி நாற்பது நிமிடம் ஒளிபரப்பினேன்; பாதிக்கு மேல் மழை. முடித்ததும் பெட்டியைப் பார்த்தேன். 5,76,000 ஃபிரேம்களில் என்கோடிங்கில் விடுபட்டது பூஜ்யம், நெட்வொர்க்கில் பூஜ்யம், ரெண்டரிங்கில் 14. அந்தப் பதினான்கும் அடுத்த பந்தயத் தடம் திரையில் ஏறும்போது தவறியவை. தம்பியிடமிருந்து அன்று புகார் எதுவும் வரவில்லை. மூன்றாவது வளைவில் ஏன் அவ்வளவு சீக்கிரம் பிரேக் போட்டாய் என்று மட்டும் கேட்டிருந்தான்.